குருதிக்கு விலையா?



அரசினர் மருத்துவமனை வாயிலில் என்றாவது ஒரு பகல் முழுதும் நின்றதுண்டா? நோயாளியாக அல்ல, நோயாளியைப் பார்க்கச் சென்றவராகவும் அல்ல, அங்கே நடப்பது என்ன என்று காண்பதற்காகவே நின்றதுண்டா? நின்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள்.

உள்ளே பிரசவ வார்டில் மனைவி. வெளியே கணவன்; கையிலே ஒரு துண்டுச் சீட்டு. "இரண்டு யூனிட் இரத்தம் ஏற்ற வேண்டும், ஈடு கொடுக்க ஆள் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் எங்கே போவான் ஆளுக்கு? அண்ணன் திருப்பூரிலே பனியன் கம்பெனியில். மைத்துனன் கேரளத்திலே கட்டட வேலையில். தானே கொடுக்கலாம் என்று போய்க் கையை நீட்டினான். எடை 45 கிலோ தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திகைத்து நிற்கிறான். அப்போது தேநீர்க் கடை ஓரத்திலிருந்து ஒருவன் மெல்ல எழுந்து வருகிறான். "சித்தப்பா மகன் என்று எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்கிறான். தொகை பேசப்படுகிறது. மனைவியின் காதிலே கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது. படிவத்திலே 'உறவினர்' என்று எழுதப்படுகிறது. ஊசி ஏறுகிறது. பை நிறைகிறது.

சட்டப்படி அங்கே எந்தக் குற்றமும் நடக்கவில்லை! உறவினர் உவந்து கொடுத்தார், மருத்துவமனை பெற்றுக்கொண்டது, நோயாளி பிழைத்தாள். ஏடுகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அந்தப் பைக்குள்ளே இருப்பது என்ன என்பது மட்டுந்தான் கேள்வி.

இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். அரசியல் பகுதியிலே நோயைப் பற்றியா என்று கேட்கும் தோழர் எவரேனும் இருப்பாரானால், கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுகிறேன். ஒரு நாட்டிலே குருதி யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, எதைக் காட்டி எடுக்கப்படுகிறது, எடுத்தபின் யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைக் காட்டிலும் அரசியல் வேறு எதிலே இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. கொடையாகப் பெறப்படும் குருதியிலே எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி எத்தனை விழுக்காடு காணப்படுகிறது என்பது அந்தக் கணக்கு. செல்வ நாடுகளிலே நடுமதிப்பாக 0.001 விழுக்காடு, அதாவது நூறாயிரம் பைகளுக்கு ஒன்று. வறுமை மிக்க நாடுகளிலே 0.70 விழுக்காடு, அதே நூறாயிரத்துக்கு எழுநூறு! கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ்-சி கிருமி செல்வ நாடுகளில் 0.007, வறிய நாடுகளில் 1.00. ஆண்டொன்றுக்கு உலகத்தார் கொடுக்கும் பதினோரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் கொடைகளிலே நூற்றுக்கு நாற்பது, உலக மக்களிலே நூற்றுக்குப் பதினாறு பேர் மட்டுமே வாழும் செல்வ நாடுகளிலே திரட்டப்படுகிறது என்றும் அந்நிறுவனமே கூறுகிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் கனவான்கள் சிலர் இருக்கிறார்கள். "பார்த்தீர்களா, ஏழையின் இரத்தம் அசுத்தம்!" என்கிறார்கள். பிறப்பிலே தீட்டு, தொட்டால் தீட்டு என்று பேசிய நாவுக்குக் குருதியிலே தீட்டு என்று பேசுவது புதிதல்லவே! எழுநூறு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் பல. ஊரிலேயே நோய் மிகுந்திருப்பது ஒன்று. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே நாட்டிலே, ஒரே ஊரிலே, ஒரே ஆண்டிலே, மீண்டும் மீண்டும் தாமாக வந்து கொடுப்பவரின் குருதியிலே நோய் மிகக் குறைவாகவும், காசுக்குக் கொடுப்பவரின் குருதியிலே பன்மடங்கு அதிகமாகவும் காணப்படுகிறதே, அதற்கு என்ன விடை? வந்தவனை நோய் தேடிப் பிடிக்கவில்லை. நோயுள்ளவனை விலை தேடிப் பிடிக்கிறது. குருதிக்கு விலை வைத்தால் வருகிறவன் யார்? மூன்று வேளை உண்பவன் வருவானா? இன்று மாலைக்குள் பணம் வேண்டும் என்ற நிலையில் உள்ளவன் வருவான். மருத்துவர் அவனிடம் கேட்கிறார்: "மஞ்சள் காமாலை வந்ததுண்டா? போதை ஊசி போட்டதுண்டா? கடைசியாக எப்போது கொடுத்தாய்?" உண்மை சொன்னால் அவனுக்குச் சோறு இல்லை. பொய் சொன்னால் உண்டு. இப்படி ஒரு பரீட்சையை வைத்துவிட்டு, அவன் தேறவில்லை என்று அவனையே பழிப்பது என்ன நியாயம்?

ரிச்சர்டு டிட்மஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1970-இலேயே இதை ஒரு நூலாக எழுதி வைத்தார். கொடையாகக் குருதி பெறும் இங்கிலாந்தையும், பெருமளவு விலைக்கு வாங்கிய அன்றைய அமெரிக்காவையும் ஒப்பிட்டு, விலை கொடுத்த இடத்திலேதான் காமாலைக் கிருமி மிகுந்தது என்று காட்டினார். 1975-இல் உலக சுகாதாரப் பேரவை, ஊதியமற்ற தன்னார்வக் கொடையே வழி என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்துக்குப் பஞ்சம் எந்தக் காலத்தில் இருந்தது?

சீனத்திலே ஹேனான் என்று ஒரு மாகாணம். உழவர்கள் நிறைந்த பூமி. அங்கே 1990-களின் தொடக்கத்திலே ஊர்தோறும் குருதிநீர் நிலையங்கள் முளைத்தன. குருதிநீர் என்பது பிளாஸ்மா. குருதியிலிருந்து அணுக்களைப் பிரித்தபின் எஞ்சும் மஞ்சள் நிற நீர். மருந்து செய்ய அது வேண்டும். அதற்கு நல்ல விலை. "உடல் நலிய வேண்டாம், குருதிநீரை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களை உனக்கே திருப்பி ஏற்றிவிடுகிறோம், சில நாளிலே மறுபடியும் வந்து விற்கலாம்" என்றார்கள். வரி கட்டப் பணமில்லாத உழவன் வந்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லாத தாய் வந்தாள். வீட்டுக்கு ஓடு போட நினைத்தவன் வந்தான். ஊரே கையை நீட்டியது.

நிலையத்திலே நடந்தது என்ன? ஒரே வகை இரத்தம் உள்ளவர்கள் பலரின் குருதியை ஒன்றாகக் கலந்து, எந்திரத்திலே சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு, அடியிலே தங்கிய அணுக்களைப் பங்கு பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் திருப்பி ஏற்றினார்கள். பத்துப் பேர் வீட்டுக் கஞ்சியை ஒரே பானையிலே ஊற்றிப் பகிர்ந்தது போல! ஒருவனிடம் நோய் இருந்தால் அன்று வந்த அத்தனை பேருக்கும் அது பங்கீடாயிற்று. வாங்கியவன் செய்த சிக்கனம் விற்றவன் உடம்பிலே நோயாக ஏறிற்று. உலகிலே எந்த வணிகத்திலும் விற்றவனுக்கு இப்படி ஒரு கூலி கிடைத்ததில்லை.

ஷு-பிங் வாங் என்ற இளம் பெண் மருத்துவர் ஸோக்கோ என்ற ஊரிலே அத்தகைய நிலையம் ஒன்றில் பணி புரிந்தார். விற்க வருவோரிடம் ஹெபடைடிஸ்-சி பரவுவதைக் கண்டார். மேலதிகாரியிடம் சொன்னார். "சோதனை வைத்தால் செலவு கூடும்" என்பது விடை! அவர் அதோடு நிற்கவில்லை, தலைநகருக்கு எழுதினார். 1993 முதல் அந்தச் சோதனை கட்டாயமாயிற்று. அம்மையாருக்குக் கிடைத்த பரிசு, வேலை பறிபோனது. 1995-இல் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் பல நிலையங்களிலே விற்றிருப்பது தெரிய வந்தபோது, விற்பவர்களிடமிருந்து தாமே நானூறுக்கு மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தார். நூற்றுக்குப் பதின்மூன்று பேரிடம் கிருமி! எண்ணிப் பாருங்கள் தோழர்களே. நூறாயிரத்துக்கு ஒன்று என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவிலே கிடக்கும் தொலைவை எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு ஓய்வு பெற்ற சுகாதார அதிகாரி ஒருவர் தடியோடு அவருடைய சோதனைச்சாலைக்கு வந்து கருவிகளை உடைத்தார். தடுக்கப் போனவரையும் அடித்தார். நோயை ஒழிக்க முடியாவிட்டால் நோயைக் காட்டும் கருவியை ஒழிக்கலாம் அல்லவா! பின்னர் நடந்த ஒரு கூட்டத்திலே உயர் அதிகாரி ஒருவர், "அந்த ஆள் யார், மேலிடத்துக்கு எழுதத் துணிந்தவன்?" என்று சீறினார். இவர் எழுந்து, நான் ஆண் அல்ல, பெண். எழுதியது நான்தான் என்றார். இதை வாசித்த அன்று என் மேசை மீதிருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். நிலையங்கள் மூடப்பட்டன, அவர் 2001-இல் நாட்டை விட்டே போக நேர்ந்து, 2019-இல் அமெரிக்காவிலே மறைந்தார். அதே மாகாணத்திலே கிராமம் கிராமமாக நடந்து, தம் கைப்பணத்தில் துண்டறிக்கை அச்சிட்டு உழவர்களை எச்சரித்த முதிய மருத்துவர் காவ் யாவ்ஜியே அம்மையாரும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, நாடு நீங்கி, 2023-இல் நியூயார்க் நகரிலே கண் மூடினார்.

ஹேனானிலே கடை விரித்தவர் தனி முதலாளி மட்டும் அல்லர். அரசின் சுகாதாரத் துறையே அதிலே முன்னின்றது. ஆகையால் தனியார் என்றால் தீமை, அரசு என்றால் நன்மை என்று எளிதாக நாம் சொல்லிவிட முடியாது. கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் குருதிக்கு விலை பேசினால் விளைவு ஒன்றுதான்.

நம் நாட்டுக் கதை மட்டும் பெருமைக்குரியதா? 1996-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டிலிருந்த 1018 இரத்த வங்கிகளிலே 616 வங்கிகள் உரிமமே இல்லாமல் நடந்தன என்பது அந்த வழக்கிலே வெளிப்பட்ட செய்தி. பெட்டிக் கடை வைக்கவும் உரிமம் கேட்கும் நாட்டிலே, பிறர் உடம்பிலே ஏற்றும் குருதியைச் சேர்த்து விற்க உரிமம் வேண்டியிருக்கவில்லை! அந்த வங்கிகளை நம்பி வாழ்ந்த தொழில்முறைக் கொடையாளர்கள் ரிக்‌ஷா இழுத்தவர்கள், கூலிகள், போதைக்கு அடிமையானவர்கள். முன்பு கொடுத்த குருதி உடம்பிலே ஊறுவதற்கு முன்பே மறுபடியும் வந்தார்கள். ஒரு துளிக் குருதியை மயில்துத்தக் கரைசலிலே விட்டால் சத்துள்ள குருதி மூழ்கும், சத்தற்றது மிதக்கும். அந்தக் காலணாச் சோதனையைக் கூட முறையாகச் செய்ய மனமில்லாத வங்கிகள், கிருமிச் சோதனையைச் செய்திருக்கும் என்று எவர் நம்புவார்?

1998 சனவரி முதல் நாளிலிருந்து விலைக்குக் குருதி பெறுவது தடை செய்யப்பட்டது. நல்லது. நீதிமன்றத்தை வாழ்த்துவோம். ஆனால் தடை வந்த மறுநாள் அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் பசி எங்கே போயிற்று? மருத்துவமனையின் தேவை எங்கே போயிற்று? எதுவும் போகவில்லை, பெயர் மட்டும் மாறிற்று. நேற்று 'தொழில்முறைக் கொடையாளர்', இன்று 'நோயாளியின் உறவினர்'. ஈட்டுக்கு ஆள் கேட்கும் முறை இருக்கும் வரையில் வாயிலிலே சித்தப்பா மகன்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். 2002-இல் மைய அரசு வெளியிட்ட தேசிய இரத்தக் கொள்கை, ஈட்டுமுறையைப் படிப்படியாக ஒழிப்போம் என்று எழுதியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. படிகள் எத்தனை என்றுதான் தெரியவில்லை!

மெய்யான உறவினர் கொடுத்தாலும் ஈட்டுமுறையிலே ஆபத்து உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் மனைவி உயிருக்குப் போராடுகிறாள். சுற்றம் முழுதும் வரிசையிலே நிற்கிறது. அங்கே ஓர் இளைஞனைத் தனியே அழைத்து, "தகாத இடத்துக்குப் போனதுண்டா?" என்று மருத்துவர் கேட்டால், "உண்டு, என் குருதி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எப்படி வெளியே வருவான்? வெளியே மாமியாரும் மாமனாரும் காத்திருக்கிறார்களே! பணம் வாங்காதவனையும் வெட்கம் பொய் சொல்ல வைக்கிறது.

"இருக்கட்டும், அதற்குத்தான் சோதனை இருக்கிறதே" என்பார்கள் சந்தைப் பொருளாதார அன்பர்கள். "எவனிடம் வேண்டுமானாலும் வாங்கு, எல்லாவற்றையும் சோதி, கெட்டதைக் கொட்டு, தீர்ந்தது" என்கிறார்கள். அவர்கள் வாதத்திலே வலுவுள்ள பகுதியை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவிலே இன்றும் குருதிநீரைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை வரை ஒருவன் விற்கலாம். அதிலிருந்து செய்யும் மருந்துகளைச் சூடாக்கியும் வேதிப்பொருள் சேர்த்தும் கிருமியை அழிக்கும் முறை இப்போது உண்டு. ஆகவே அந்த மருந்துகள் முன்போல் நோய் பரப்புவதில்லை. உண்மை. ஆனால் பிரசவ வார்டிலே ஏற்றப்படும் சிவப்பணுக்களைச் சூடாக்க முடியுமா? சூடாக்கினால் அணு செத்துப் போகும். அங்கே சோதனை ஒன்றுதான் காவல். அந்தக் காவலுக்கும் கண் மூடும் நேரம் உண்டு. கிருமி உடம்பிலே புகுந்ததற்கும், சோதனையிலே அது தெரிவதற்கும் இடையே சில நாட்கள் உள்ளன. எச்.ஐ.வி.க்கு, வழக்கமான எதிர்ப்பொருள் சோதனையிலே அது ஏறத்தாழ மூன்று வாரம்; கிருமியின் மரபுப்பொருளையே தேடும் 'நாட்' சோதனையிலே பத்து நாள் அளவுக்குச் சுருங்கும்; அறவே இல்லாமற் போவதில்லை. அந்த இடைவெளியிலே நோயாளியைக் காப்பது கொடுப்பவன் சொல்லும் உண்மை ஒன்றுதான். அதையல்லவா நீங்கள் விலை வைத்து அழித்துவிட்டீர்கள்?

சோதனை என்பது கண்டுபிடிக்கப்பட்ட கிருமிக்குத்தான் உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஹெபடைடிஸ்-பி கிருமியின் அடையாளத்தை 1960-களிலே கண்டார்கள். ஹெபடைடிஸ்-சி 1989 வரை பெயர் கூட இல்லாமல் 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்று அழைக்கப்பட்டது. எச்.ஐ.வி.க்குச் சோதனை வந்தது 1985-இல். அதற்கு முன்பு அவை மனிதர் உடம்பிலே இல்லாமலா இருந்தன?

டிட்மஸ் போற்றிய இங்கிலாந்தே இதற்குச் சான்று. தன் நாட்டிலே கொடையாகக் குருதி பெற்ற அந்த அரசு, குருதி உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்கான மருந்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிற்று. அது சிறைக் கைதிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோரிடம் காசுக்கு வாங்கிய குருதிநீரைக் கலந்து செய்தது. டிரெலோர் என்ற பள்ளியிலே 1970-க்கும் 1987-க்கும் இடையே படித்த ஹீமோபிலியா மாணவர் 122 பேர். அவர்களிலே உயிரோடிருப்பவர் முப்பது பேர் அளவே என்று விசாரணையிலே தெரிந்தது. 2024 மே 20-ஆம் நாள் வெளியான லாங்ஸ்டாப் விசாரணை அறிக்கை, மாசுற்ற குருதியாலும் மருந்தாலும் நோயுற்றவர் முப்பதினாயிரத்துக்கும் மேல், இறந்தவர் ஏறத்தாழ மூவாயிரம் என்றது. இது விபத்து அல்ல என்றும் எழுதியது. பிறர் முன்பே தொடங்கிவிட்ட ஹெபடைடிஸ்-சி சோதனையை 1991 செப்டம்பர் வரை இங்கிலாந்து தள்ளிப் போட்டதும் அந்த அறிக்கையிலே கண்டிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலே அந்தச் சோதனை கட்டாயமானது 2001-இல்! இங்கிலாந்திலே விசாரணை நடந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இங்கே அந்தப் பத்தாண்டுகளைப் பற்றி எந்தக் கமிஷன் கேட்டது?

2014 அக்டோபர் முதல் 2016 மார்ச்சு வரை, குருதி ஏற்றிக்கொண்டதால் எச்.ஐ.வி. வந்தது என்று கூறியவர்கள் இந்தியாவிலே 2,234 பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு விடை தந்தது. இது நோயாளிகள் தாமாகச் சொன்னது, சரிபார்க்கப்பட்டதல்ல என்று பிறகு விளக்கமும் வந்தது. சரி, பாதியைத் தள்ளிவிடுங்கள், முக்காலைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பேர் மனிதர் இல்லையா? 2025 அக்டோபரிலே ஜார்க்கண்டின் சாய்பாசாவிலே, தாலசீமியா நோய்க்காகத் திரும்பத் திரும்பக் குருதி ஏற்றிக்கொண்ட குழந்தைகள் ஐவரிடம் எச்.ஐ.வி. கண்டார்கள். பிழைப்பதற்காக மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்ட குழந்தைகள்!

வடக்கே நடந்தது என்று நாம் பெருமூச்சு விட்டு ஒதுங்க முடியாது. 2018 டிசம்பரிலே நம் சாத்தூரிலே நடந்தது நினைவிருக்கிறதா? அரசு மருத்துவமனையிலே ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள குருதி ஏற்றப்பட்டது. நாடே அந்தப் பெண்ணுக்காகத் துடித்தது, துடிக்க வேண்டியதுதான். அந்தக் குருதியைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தார். விற்கவில்லை. வெளிநாடு செல்வதற்கான பரிசோதனையிலே தனக்கு நோய் இருப்பது தெரிந்ததும் ஓடிப் போய், "என் குருதியை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்று இரத்த வங்கியிலே சொன்னவர் அவரேதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் 2016-லேயே ஒரு முறை குருதி கொடுத்திருந்தார்; அப்போதே கிருமி கண்டறியப்பட்டது; அந்தச் செய்தி அவரைச் சென்று சேரவில்லை. இரண்டு ஆண்டு! சொல்லியிருந்தால் மருந்து உண்டிருப்பார். மறுபடியும் கொடுத்திருக்க மாட்டார். அந்தப் பெண்ணும் நலமாக இருந்திருப்பாள். ஊர்ப் பழிக்கு அஞ்சிய அந்த இளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். நடந்த குற்றத்திலே உண்மையைச் சொன்னவர் ஒருவர். உயிரை விட்டவரும் அவர்.

நோய்க் கணக்கு எடுப்பது எதற்காக? ஆண்டறிக்கையிலே ஒரு பத்தி சேர்ப்பதற்காகவா? 'கொடையாளர்களில் இத்தனை விழுக்காட்டினருக்கு நோய்' என்று எழுதுகிறார்களே, அந்த விழுக்காட்டுக்குள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று, தனியே அமர்த்தி, இரகசியம் காத்து, சிகிச்சைக்கு வழி காட்டாவிட்டால் அது கணக்கு அல்ல. கண்டும் காணாமல் விட்டவர்களின் பட்டியல்.

இனி நம் வீட்டு அழுக்கைப் பேசுவோம். கோபம் வேண்டாம்.

தலைவர் பிறந்த நாள் வருகிறது. குருதிக்கொடை முகாம் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். நல்ல வழக்கம்தான், மேளம் அடித்து வெடி வெடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் முகாமிலே நடப்பது என்ன? பக்கத்து வட்டம் 200 பை கொடுத்தால் நாம் 300 கொடுக்க வேண்டுமாம்! செயலாளர் நோட்டும் கையுமாக நிற்கிறார். வராத தோழன் பெயரைக் குறிக்கிறார். சென்ற மாதம்தான் கொடுத்தேன் என்பவனை, "அதெல்லாம் சொல்லாதே, ஏறிப் படு" என்கிறார். வந்தவனுக்குச் சுவர்க் கடிகாரம் பரிசு. தோழர்களே, தேநீர்க் கடை ஓரத்துத் தரகனுக்கும் நமக்கும் இதிலே எவ்வளவு தூரம்? அவன் பணத்தைக் காட்டிப் பொய் சொல்ல வைத்தான். நாம் பதவியையும் பழியையும் காட்டிப் பொய் சொல்ல வைக்கிறோம். ஒரு நாள் விழாவிலே குவித்த பைகள் என்ன ஆகின்றன என்று எவரேனும் பின்னால் போய்ப் பார்த்தோமா? முழுக் குருதி 35 நாள் தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். ஐந்து ஆண்டுகளிலே 28 இலட்சம் யூனிட்டுக்கு மேல் வீணாயின என்று 2017-இல் கணக்கு வெளியாயிற்று. விழா மாதத்திலே கொட்டுகிறார்கள். மற்ற மாதத்திலே துண்டுச் சீட்டோடு கணவன் வாயிலிலே நிற்கிறான்.

ஆகவே அரசை நோக்கிக் கேட்போம், உரக்கக் கேட்போம். அரசு மருத்துவமனையிலே ஈட்டுக்கு ஆள் கேட்பதை நிறுத்து. ஒவ்வொரு பைக்கும் 'நாட்' சோதனையை அரசு செலவிலே வை. நோய் கண்ட கொடையாளரை முப்பது நாளுக்குள் நேரிலே கண்டு சொல்லும் பொறுப்பை ஓர் அதிகாரியின் பெயரோடு எழுதி வை. இந்தக் கோரிக்கைகளைச் சட்டமன்றத்திலே எழுப்பவும், தெருவிலே முழங்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஈட்டுமுறையை நிறுத்தினால் அந்தப் பைகளை யார் நிரப்புவது என்று அமைச்சர் திருப்பிக் கேட்பார். அதற்கு விடை நம் கையிலே, நரம்பிலே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு பதிவேடு திறவுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய, உடல் நலமுள்ள தோழர்களை மாதவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மகளிர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு மாதத்துக்கு ஐந்து பேர் போதும், விழா வேண்டாம், மாலை வேண்டாம், கடிகாரம் வேண்டாம். கொடுக்க இயலாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஓராண்டுக்குள் பச்சை குத்தியிருக்கலாம், காமாலை வந்திருக்கலாம், சொல்ல முடியாத வேறொன்று இருக்கலாம். "இந்த முறை நான் இல்லை" என்ற ஒரு சொல்லை மதித்து விட்டுவிடுங்கள். கொடுத்துவிட்டு வீடு திரும்பியபின் மனம் உறுத்தினால், இரத்த வங்கியைத் தொலைபேசியிலே அழைத்து, "என் பையைப் பயன்படுத்தாதீர்கள்" என்று சொல்லலாம் என்பதையும் ஒவ்வொரு தோழருக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்திலே முதற்பொருளாக இதை வையுங்கள். பதிவேட்டின் முதல் வரியிலே செயலாளர் தம் பெயரை எழுதட்டும். எந்த மாதம் என்பதையும் சேர்த்து.